பத்மநாபபுரத்துத் தெய்வங்களைப் பாடிய இருவர்

இறைவனை ஏத்துதற்கு அமைந்த வழிகள் பல. அவற்றுள் இசை தலையாயது என்பது ஆன்றோர் துணிபு. நம் சமயக் குரவர் மூவரும் பண்ணோடு இயைந்த பதிகங்களாலேயே தமிழகத்தை வலம் வந்தனர். ஆழ்வார்களின் அருளிச்செயல்களும் இசையோடு ஓதப்பெற்றவையே. பாடலைக் கேட்கும்போது உள்ளம் குளிர்கின்றது. அப்பாடல் எங்கே, எதற்காக, யாரால் பாடப்பெற்றது என்பதை அறிந்து கேட்கும்போதோ உள்ளம் உருகுகின்றது. திருநாவுக்கரசர் சுண்ணாம்பு நீற்றறையில் இருந்து பாடினார் என்னும் வரலாற்றை அறிந்தவன் அப்பதிகத்தைக் கேட்பதற்கும், அறியாதவன் கேட்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ? தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பண் தம் யாழில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அந்த யாழையே முறிக்க ஓங்கினார் என்பர். அவ்வரலாறு தெரிந்தபின் அப்பதிகத்தின் சுவை இரட்டிக்கின்றது.

இத்தகைய பாடல்களும் வரலாறுகளும் தஞ்சைக்கும் தில்லைக்கும் மட்டுமே உரியவை என்று எண்ணுதல் கூடாது. வேளிமலையில் தோன்றும் வள்ளியாறு நம் முட்டத்தின் அருகே கடியபட்டணத்தில் கடலோடு கலக்கின்றது. அம்மலையின் அடிவாரத்தில் உள்ள பத்மநாபபுரம் என்னும் பழம்பதி கருநாடக இசை உலகிற்கு இரு பெருஞ்செல்வங்களை அளித்துள்ளது. அங்குக் கோயில் கொண்ட கலைமகளின் திருமுன் ஒலிப்பவை ஓர் அரசர் இயற்றிய வடமொழிக் கீர்த்தனங்கள். அங்குக் கோயில் கொண்ட நீலகண்டப் பெருமானுக்கு உரியவை ஓர் அடியார் இயற்றிய தமிழ்க் கீர்த்தனங்கள். இவ்விரண்டையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கதையை அறியும் மூன்று வழிகள்

ஒரு பாடலின் வரலாற்றை மூன்று வழியால் அறியலாம். பாடலே தன்னைப்பற்றிக் கூறுவது ஒன்று. ஆவணங்களும் நடைமுறையும் காட்டுவது மற்றொன்று. செவிவழியாக வருவது மூன்றாவது. மூன்றும் மதிக்கத்தக்கனவே. எனினும் மூன்றையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது. செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே கூறினால் அதன் பெருமை குறைவதில்லை. அதனை ஆவணம் போலக் கூறினால் ஆவணத்தின் பெருமையும் சேர்ந்து குறையும். இந்நெறியை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

தேவாரக்கட்டுச் சரஸ்வதி

பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் எழுந்தருளியுள்ள கலைமகளைத் தேவாரக்கட்டுச் சரஸ்வதி அம்மன் என வழங்குவர். தேவாரம் என்றவுடன் மூவர் பாடிய பதிகங்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் வழிபாடு என்பதும், வழிபடும் இடம் என்பதும் அச்சொல்லின் பழம்பொருள்கள். அரசகுடும்பத்தார் நாள்தோறும் வழிபட்ட பகுதியாதலின் அது தேவாரக்கட்டு ஆயிற்று. சொல்லின் பொருளை அறிந்தால் கோயிலின் வரலாறும் ஓரளவு விளங்கிவிடுகின்றது.

இவ்வம்மன் திருவுருவம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூசித்தது என்றும், தம் இறுதிக்காலத்தில் அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்து, ஆண்டுதோறும் நவராத்திரி வழிபாடு தவறாது நடத்தவேண்டும் என்று வாக்குப் பெற்றார் என்றும் கூறுவர். இது மேற்கூறிய மூன்றாம் வகை. வழிவழியாக நம் முன்னோர் போற்றி வந்த செய்தி. கம்பர் பெயரால் சரசுவதி அந்தாதி என்னும் நூலொன்று வழங்குதலும் இங்கு நினைக்கத்தக்கது. கம்பர் கைப்பட்ட திருவுருவமோ அன்றோ, அவ்வாக்கு மட்டும் இன்றுவரை காக்கப்பட்டு வருகின்றது என்பது கண்கூடு.

திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரமாக முன்பு விளங்கியது பத்மநாபபுரமே. கல்குளம் என்பது அதன் பழம்பெயர். 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர், மக்களால் தர்மராஜா எனப் போற்றப்பட்டவர். அவர் காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசு இடம் மாறினாலும் அம்மனின் இருப்பிடம் மாறவில்லை. ஆகவே நவராத்திரி வழிபாட்டிற்காக அன்னையே ஆண்டுதோறும் திருவனந்தபுரம் எழுந்தருளும் வழக்கம் உண்டாயிற்று.

அன்னை தனியே செல்வதில்லை. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் பத்மநாபபுரம் வந்து சேர்கின்றனர். அரண்மனையில் உடைவாள் ஒப்படைக்கும் சடங்கு நிகழ்ந்தபின், கலைமகள் யானைமீதும் ஏனைய இருவரும் பல்லக்கிலும் புறப்படுதல் மரபு. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தை அடைவர். அங்கே சரஸ்வதி அம்மன் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும் எழுந்தருளுவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இடையில் எல்லைக்கோடு விழுந்தும் இப்பயணம் நின்றுவிடவில்லை. களியக்காவிளையில் தமிழகம் அன்னையை வழியனுப்ப, கேரளம் எதிர்கொண்டு வரவேற்கின்றது. மொழியால் பிரிந்த மக்களைக் கலைமகள் இணைக்கும் காட்சி அது.

ஒன்பது இரவு, ஒன்பது பாடல்

இம்மண்டபத்தில் அன்னையின் திருமுன் பாடப்பெறுபவை சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனங்கள். சுவாதித் திருநாள் 1813-ஆம் ஆண்டு பிறந்தார். பிறக்கும் முன்னரே அரசுரிமை அவருக்கென்று அமைந்தமையால் அவரைக் கர்ப்பஸ்ரீமான் என்றனர். இளமையிலேயே அன்னையை இழந்து, சிற்றன்னையார் கௌரி பார்வதிபாயின் அரவணைப்பில் வளர்ந்து, 1829-ஆம் ஆண்டு ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். 1846-ஆம் ஆண்டு, முப்பத்து மூன்றாம் வயதிலேயே இறைவனடி சேர்ந்தார். ஆங்கிலேயப் பிரதிநிதியின் தலையீட்டால் அவருடைய இறுதி ஆண்டுகள் மனவருத்தம் மிகுந்தவையாக இருந்தன. இச்சிறு வாழ்நாளில் அவர் வடமொழி, மலையாளம், இந்துஸ்தானி முதலிய மொழிகளில் இயற்றிய பாடல்கள் பல. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவருடைய அவையை அணி செய்தார். வடிவேலுவுக்கு மன்னர் தந்தத்தாலான பிடில் பரிசளித்தார் என்பது இசை வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

ஒன்பது இரவுகளுக்கும் ஒன்பது இராகங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. முதல்நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, நான்காம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி, ஆறாம் நாள் பந்துவராளி, ஏழாம் நாள் சுத்தசாவேரி, எட்டாம் நாள் நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. அந்நாளுக்குரிய இராகமே அன்றைய கச்சேரியின் நடுநாயகம். முதலில் இராக ஆலாபனை, பின்னர்த் தானம், அதன்பின் கீர்த்தனம் என்னும் முறையில் அது விரிவாகப் பாடப்பெறும். பிற மேடைகளில் தானம் பாடும்போது மிருதங்கம் ஓய்ந்திருப்பது பெருவழக்கு. இங்கோ தானத்திற்கும் மிருதங்கம் வாசிக்கப்பெறுதல் தனிச்சிறப்பு. கச்சேரியின் தொடக்கத்தில் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்கலம் பாடுவர். கேட்போர் வேட்டி உடுத்து, மேற்சட்டையின்றி அமர்ந்திருப்பர். கைதட்டும் வழக்கம் அங்கு இல்லை. ஏனெனில் அது வழிபாடு. பாடுவோரும் கேட்போரும் அன்னையின் முன் அடியவர்களே.

இக்கீர்த்தனங்கள் வடமொழியில் அமைந்தவையாதலின் நம்மில் பலர் அவற்றின் பொருளை நாடுவதில்லை. ஆனால் பாடலின் தொடக்கமே அதன் செய்தியைக் கூறிவிடும். முதல்நாள் பாடல் ‘தேவி ஜகஜ்ஜனனி’. உலகனைத்தையும் ஈன்ற தாயே என்று விளிக்கின்றது. இரண்டாம் நாள் பாடலில் வரும் வாகீசுவரி என்னும் பெயர் வாக்கிற்குத் தலைவி என்று பொருள்படும். நான்காம் நாள் பாடலில் வரும் பாரதி என்பதும் கலைமகளின் பெயரே. ஆறாம் நாள் பாடலாகிய ‘சரோருஹாசன ஜாயே’ என்பது சற்றுக் கடினமாகத் தோன்றும். சரோருகம் என்றால் பொய்கையில் முளைப்பது, அதாவது தாமரை. சரோருகாசனன் அத்தாமரையில் வீற்றிருக்கும் பிரமன். ஜாயா என்றால் மனைவி. பிரமதேவனின் துணைவியே என்று கலைமகளை அழைப்பது அத்தொடர். ஒன்பதாம் நாள் பாடலில் வரும் பர்வத நந்தினி என்னும் பெயரோ மலைமகளைக் குறிக்கின்றது. வாக்கின் தலைவியைப் போற்றிய பாமாலை மலைமகளைப் போற்றி நிறைவுறுகின்றது. கலைமகளும் மலைமகளும் பெயரால் வேறாயினும் பொருளால் ஒன்றே என்பது அடியார் துணிபு. சுவாதித் திருநாள் தம் பாடல்களில் பத்மநாபன் என்னும் பெயரையோ அதே பொருள் தரும் வேறு பெயரையோ முத்திரையாக வைப்பார். தாமரை உந்தியான் என்னும் பொருள்பட எந்தப் பெயர் வந்தாலும் அப்பாடல் அவருடையதாக இருக்கக்கூடும் என்று கேட்போர் உணரலாம். பாடல் தன் வரலாற்றைத் தானே கூறுதல் என்று முன்னர்ச் சொன்னது இதனைத்தான்.

மன்னர் மறைந்தபின் அவருடைய பாடல்கள் பலவற்றின் மெட்டுகள் வழக்கொழிந்தன. சொற்கள் மட்டும் எஞ்சின. இருபதாம் நூற்றாண்டில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், செம்மங்குடி சீனிவாச ஐயரும் அரும்பாடுபட்டு அவற்றுள் பலவற்றை மீண்டும் பாடுமுறைக்குக் கொணர்ந்தனர். சிலவற்றிற்குப் புதிதாகவே மெட்டமைக்க வேண்டியிருந்தது. 1939-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற இசைக்கல்லூரியின் முதல் தலைவர் முத்தையா பாகவதர். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடியார். மற்றப் பாடல்களுக்கு இந்நிலை நேர்ந்தபோது, நவராத்திரிக் கீர்த்தனங்கள் வழக்கில் நின்றன. காரணம் எளிது. அவற்றிற்கு என்று ஒரு நாள் இருந்தது. ஓர் இடம் இருந்தது. அந்நாளில் அவ்விடத்தில் யாரேனும் ஒருவர் பாடியே ஆகவேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. பாடலைக் காப்பது ஏடு மட்டும் அன்று. நாளும் இடமும் கூடிய வழிபாடே அதனைக் காக்கின்றது.

வழக்கமும் தருமமும்

இம்மண்டபத்தைப் பற்றிக் கூறும்போது மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. கலைமகளே பெண்தெய்வம். ஆயினும் அவள் திருமுன் பெண்கள் அமர்ந்து கச்சேரி செய்யும் உரிமை நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2006-ஆம் ஆண்டில்தான் பாறசாலை பொன்னம்மாள் அம்மையார் அங்குப் பாடி, அத்தடையை நீக்கினார். பாறசாலை என்பது களியக்காவிளையைக் கடந்தவுடன் வரும் ஊர். நம் மாவட்டத்தின் வாயிற்படி எனலாம். அம்மையார் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர். திருவனந்தபுரம் இசைக்கல்லூரி தொடங்கியபோதே அங்கு மாணவியாகச் சேர்ந்தவர். அம்மண்டபத்தில் அமர்ந்து பாடும் பேறு அவருக்கு எண்பது வயதைக் கடந்த பின்னரே கிட்டிற்று. 2017-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

வழக்கம் வேறு, தருமம் வேறு. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் பாடிய சமயம் நம் சமயம். அவர்தம் பாடல்களை ஆடவரும் ஓதி உய்கின்றனர். அங்ஙனமிருக்க, அன்னையின் முன் அவள் பெண்மக்களின் குரல் ஒலிக்கலாகாது என்று எந்த அருள்நூலும் விதிக்கவில்லை. அன்று அம்மையார் பாடியதால் மரபு குறைந்துவிடவில்லை. நிறைவுற்றது என்பதே தகும்.

நீலகண்டப் பெருமானும் நீலகண்ட சிவனும்

இனிப் பத்மநாபபுரத்தின் மற்றொரு செல்வத்தைக் காண்போம். அங்குள்ள நீலகண்டசுவாமி திருக்கோயில், மகாசிவராத்திரியன்று அடியார்கள் ஓடி வழிபடும் பன்னிரு சிவாலயங்களுள் ஏழாவதாகிய கல்குளம் சிவாலயமாகும். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் நிறைவுறும் அச்சிவாலய ஓட்டத்தில் நம்மூர் அன்பர்களும் பங்கேற்றிருப்பர். ஓடிக் களைத்த கால்களோடு கல்குளத்தில் நின்று வணங்கும்போது, அப்பெருமானின் பெயரையே தம் பெயராகவும் பாடல் முத்திரையாகவும் கொண்ட ஓர் அடியார் அவ்வூரில் வாழ்ந்தார் என்பதை எத்தனை பேர் நினைத்திருப்போம்?

அவர்தாம் நீலகண்ட சிவன். நாகர்கோவிலைச் சார்ந்த வடிவீசுவரத்தில் 1839-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுப்பிரமணியன். குடும்பம் பத்மநாபபுரத்தில் குடியேற, நீலகண்டப் பெருமானின் திருக்கோயிலே அவருக்குப் பள்ளியாயிற்று. சில காலம் அரசு அலுவல் பார்த்தார். பின்னர் அதனைத் துறந்து சிவத்தொண்டிலும் பாடல் இயற்றுவதிலுமே வாழ்நாளைக் கழித்தார். சுவாதித் திருநாள் மறைந்தபோது இவருக்கு வயது ஏழு. அரியணையில் இருந்து ஒருவர் பாடி முடித்த பின், அரசின் சிறு அலுவலைத் துறந்த ஒருவர் பாடத் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டு இவர் சிவபதம் அடைந்தார்.

நீலகண்ட சிவனின் பாடல்கள் எளிய தமிழில் அமைந்தவை. பூர்விகல்யாணி இராகத்தில் அமைந்த ‘ஆனந்த நடமாடுவார்’ தில்லைக்கூத்தனின் திருநடனத்தைக் கண்முன் நிறுத்துவது. பௌளி இராகத்தில் அமைந்த ‘சம்போ மகாதேவா’ வைகறைப் பொழுதிற்கு ஏற்றது. பௌளி விடியற்காலத்து இராகம் என்பது இசைநூலார் கொள்கை. முகாரியில் அமைந்த ‘என்றைக்கு சிவகிருபை’ இறையருள் எப்போது வாய்க்குமோ என்னும் ஏக்கத்தின் வடிவம். துயரத்தையும் இரக்கத்தையும் புலப்படுத்தும் முகாரி அதற்கு எத்துணைப் பொருத்தம் என்பதைக் கேட்டே உணரவேண்டும்.

கரகரப்பிரியாவில் அமைந்த ‘நவசித்தி பெற்றாலும்’ என்னும் பாடலில், அரிய சித்திகளையெல்லாம் அடைந்தாலும் சிவனிடத்து அன்பில்லாத மனிதர் பயனற்றவர் என்று கூறவந்த அவர், அத்தகையோரைச் ‘சாவி’ என்னும் சொல்லால் சுட்டுகின்றார். திறவுகோல் என்று எண்ணி இதற்குப் பொருள் காண்போர் மயங்குவர். நாஞ்சில் நாட்டு உழவனுக்கோ அகராதி வேண்டுவதில்லை. பால் பிடிக்காமல் பொக்காய்ப் போன கதிரே சாவி. தூரத்திலிருந்து காண்போருக்கு அதுவும் நெற்பயிர் போலவே தோன்றும்; கையில் எடுத்தால்தான் உள்ளீடு இல்லை என்பது புலப்படும். நெல்வயல் சூழ்ந்த மண்ணில் பிறந்தவர் ஆதலின், பெரிய தத்துவத்தை ஒரு வயற்சொல்லால் விளக்கிவிட்டார். பாடல் பிறந்த மண்ணை அறிவதால் வரும் பயன் இது.

இவருடைய பாடல்களின் செல்வாக்கு இவரோடு நின்றுவிடவில்லை. தமிழ்த் தியாகையர் எனப் போற்றப்படும் பாபநாசம் சிவன் 1890-ஆம் ஆண்டு தஞ்சை மண்ணில் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். அங்குப் பஜனைகளில் ஒலித்த நீலகண்ட சிவன் கீர்த்தனங்கள் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பின்னாளில் தமிழிசை உலகம் கொண்டாடிய அவருடைய பாடல்களுக்கு நம் நாஞ்சில் நாட்டு அடியார் ஒரு தூண்டுகோலாக நின்றார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. பாபநாசம் சிவன் 1973-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பாடல்கள் இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றன.

நம் கடமை

அரசரும் அடியாரும் பாடிய மொழி வேறு, இருந்த நிலை வேறு. ஆயினும் இருவர் பாடலுக்கும் இலக்காக நின்ற தெய்வங்கள் ஒரே ஊரில் உறைபவை. வடமொழியா தமிழா என்று வழக்காடுவோர்க்கு அவ்வூரே விடை கூறும். கலைமகளுக்கு ஏற்றது அதுவாயிற்று. நீலகண்டனுக்கு ஏற்றது இதுவாயிற்று. அன்புடன் பாடினால் இரண்டும் ஏற்கப்படும்.

அன்னை புறப்படும் நாளில் வழிநெடுகப் பூவும் பழமும் வைத்து வணங்குகின்றோம். அது நன்று. ஆயினும் அவள் எங்குச் செல்கின்றாள், அங்கு அவள் முன் என்ன பாடப்படுகின்றது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோமா? பாடலுக்கு நாளும் இடமும் வேண்டும் என்று மேலே கண்டோம். அவ்விரண்டையும் அளிப்பது அரசர்களுக்கு மட்டுமே இயலுவது அன்று. நவராத்திரிக் கொலுவின் முன் நாளுக்கொரு கீர்த்தனத்தை இசை பயின்றவர் பாடலாம்; பயிலாதவர் ஒலிநாடாவிலோ குறுந்தகட்டிலோ கைப்பேசியிலோ அதனை ஒலிக்கச் செய்து, அந்நாளின் இராகப் பெயரையும் பாடல் தொடக்கத்தின் பொருளையும் பிள்ளைகளுக்குக் கூறலாம். பிரதோஷ நாளில் ஊர்ச் சிவன்கோயிலில் நீலகண்ட சிவனின் பாடலொன்றைக் கூடிப் பாடலாம். சிவாலய ஓட்டத்தில் கல்குளத்தில் சற்று இளைப்பாறும்போது ஒருவர் பாட மற்றவர் கேட்கலாம். பெண்பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்திப் பாடச் செய்தல் இன்னும் சிறப்பு. இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டுவது.

கற்றவர் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல வளர்வதே இசைச்செல்வம். பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். இசையோ கொடுக்கக் கொடுக்க நிறையும். தேவாரக்கட்டில் அமர்ந்த கலைமகளும், கல்குளத்து நீலகண்டப் பெருமானும், வேளிமலைக் குமரனும், முன்னுதித்த நங்கையும் நம் இல்லந்தோறும் நல்லிசை நிலவ அருள்புரிவார்களாக.

வாழ்க இசை! வளர்க சைவநெறி!